காவக்காரருக்கு டைஸ் கிடையாது

அந்தப் பெண்ணிடம் ஒரு விஷயம் கேட்டு அன்றைக்கே பதில் வாங்கியவர்கள் எங்கள் கட்டிடத்தில் யாரும் இல்லை. அவளுக்குப் பதில் தெரியாது என்று சொல்லவில்லை. பெரும்பாலும் தெரிந்திருக்கும். ஆனால் கேள்வி யாரைப் பற்றியதோ அவரைத் தேடிப் பிடித்து, அவரிடமே கேட்டு, அவர் வாய் திறக்கிற வரைக்கும் காத்திருந்தால்தான் அவளுக்குத் திருப்தி. இந்தச் சுபாவத்தை வைத்துக்கொண்டு தினமும் மாட்டுங்காவிலிருந்து எப்படி ட்ரெயின் பிடித்தாள் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

முதன்முதலில் அவளைக் கவனித்தது சொசைட்டி மீட்டிங்கில். வாட்ச்மேன் நாற்காலியை கேட்டுக்கு உள்ளே போடுவதா வெளியே போடுவதா என்று ஒன்பது பேர் பேசிக்கொண்டிருந்தோம். உள்ளே என்பவர்கள் ஐந்து, வெளியே என்பவர்கள் நான்கு. தீர்மானம் எழுத வேண்டியதுதான் பாக்கி. இரண்டாவது மாடியில் பேயிங் கெஸ்டாக இருந்த இவள், வீட்டுக்கார அம்மாளுக்குப் பதிலாக வந்து மூலையில் உட்கார்ந்திருந்தவள், கையைத் தூக்கினாள்.

"அவங்கட்ட கேட்டாச்சா?"

"யார்கிட்ட?" என்றார் செயலாளர்.

"வாட்ச்மேன்ட்ட."

அவனை மேலே வரவழைத்தார்கள். அவன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "ஆப் ஜைஸா போலே ஸாப்" என்றான், நீங்கள் சொல்கிறபடியே என்று. விஷயம் முடிந்தது என்று நாங்கள் நினைத்தோம். அவள் நினைக்கவில்லை. அவன் முகத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அவன் எங்களைப் பார்த்தான். நாங்கள் தட்டிலிருந்த சமோசாவைப் பார்த்தோம். கடைசிவரை அவன் வேறொன்றும் சொல்லவில்லை. செயலாளர் கூட்டத்தை ஒத்திவைத்தார். நாற்காலி இன்றைக்கும் பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாகத்தான் கிடக்கிறது. அவள் கேட்டதால் யாருக்கு என்ன லாபம் என்று அன்றைக்கே எனக்கு எரிச்சல்.

தாராவியில் பிறந்து வளர்ந்த திருநெல்வேலிப் பெண். முப்பது வயதிருக்கலாம். செம்பூரில் ஏதோ இன்ஷூரன்ஸ் ஆபீஸில் கிளெய்ம் பார்க்கிற வேலை. அந்த வேலையிலும் இதே பழக்கம்தான் என்று அவளே சொன்னாள். காகிதத்தைப் பார்த்து முடிவு செய்யாமல் அடிபட்டவருக்கே போன் போட்டுக் கேட்பாளாம். "மேலதிகாரி திட்டுவார் சார், ஒரு நாளைக்கு நாப்பது முடிக்கணும், நான் பதினஞ்சுதான் முடிக்கேன்" என்று சிரித்தாள். நான் முப்பத்து நான்கு வருஷம் உள்தணிக்கையில் இருந்தவன். எனக்குக் கீழே இருந்திருந்தால் நானும் திட்டியிருப்பேன்.

எங்கள் வீட்டுக்கு அவள் வந்தது மேஜைக்காக. நானும் என் தம்பி சேதுவும் மட்டும் இருக்கிற வீடு. அப்பா காலத்து சாப்பாட்டு மேஜை, ஆறு நாற்காலி. இரண்டில் நாங்கள் உட்காருவோம், மூன்றில் துணி காயும், ஒன்றுக்குக் கால் இல்லை.

"வாட்ச்மேன் சொன்னாரு, உங்க வீட்ல பெரிய மேஜை இருக்குன்னு. ஞாயித்துக்கிழமை மத்தியானம் மட்டும் விளையாடிக்கலாமா சார்? எங்க பிஜி ஆன்ட்டி சத்தம் தாங்கலைன்னு துரத்திட்டாங்க."

"என்ன விளையாட்டு?"

சொன்னாள். எனக்கு மூன்று முறை சொல்ல வேண்டியிருந்தது. தாயமும் இல்லை, சீட்டும் இல்லை. மேஜையைச் சுற்றி உட்கார்ந்து கதை நடத்துகிற விளையாட்டு. ஒருவர் கதையை நடத்துவார். மற்ற ஒவ்வொருவரும் கதைக்குள்ளே ஓர் ஆள். நடத்துகிறவர், "எதுத்தாப்ல ஒரு குகை, உள்ள எதுவோ மூச்சு விடுது, நீங்க என்ன செய்யுதீங்க?" என்று கேட்பார். நாம் சொல்ல வேண்டும். நாம் செய்வது பலிக்குமா பலிக்காதா என்பதைப் பகடை சொல்லும். பகடை ஆறு விதம். நாலு முகத்திலிருந்து இருபது முகம் வரை. அத்தனை முகங்களையும் கூட்டினால் அறுபது. அந்த அறுபதைப் பார்த்துத்தான் நான் கொஞ்சம் மசிந்தேன் என்று நினைக்கிறேன்.

நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது சேது வழக்கம்போல ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவே உள்ள நிலைப்படியில் வந்து நின்றான். அவனுக்கு அதுதான் இடம். இருபத்திரண்டு வயதில் அவனுக்குப் புத்தி கலங்கியது. ஆஸ்பத்திரி வாசலில் நின்று நான்தான் அவனைக் கூட்டி வந்தேன். அன்றிலிருந்து அந்த நிலைப்படியில் நிற்கிறான். அந்த வழியாகத் தண்ணீர் எடுக்கப் போகிற ஒவ்வொருவரும், "சேது, நகரு" என்று சொல்லிச் சொல்லியே எங்கள் வீட்டில் மூன்று தலைமுறை வாய் வலித்தது. இப்போது சொல்ல நான் ஒருவன்தான் மிச்சம்.

அவள் அவனைப் பார்த்தாள். "நீங்களும் விளையாடுதீங்களா சார்?"

"அவன் விளையாட மாட்டான்" என்றேன்.

"நான் அவங்கட்ட கேட்டேன் சார்."

கேட்டுவிட்டுக் காத்திருந்தாள். மின்விசிறி சுற்றியது. குக்கர் இரண்டு விசில் அடித்து, நான் போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தேன். அப்போதும் காத்திருந்தாள். சேதுவை யாரும் சார் என்று கூப்பிட்டதில்லை. அவனுக்கு நேராகக் கேள்வி கேட்டவர்களும் குறைவு. டாக்டர்கூட, "இவர் தூங்கறாரா?" என்று என்னிடம்தான் கேட்பார். நான் எத்தனை மணி நேரம் என்று சொல்வேன். அதில் தவறு ஒன்றுமில்லை. சேதுவிடம் கேட்டுக்கொண்டிருந்தால் டாக்டர் அடுத்த ஆளைப் பார்ப்பது எப்போது?

கடைசியில் சேது, "பாக்கறேன்" என்றான். அவ்வளவுதான். அவள் பெரிய காரியம் முடிந்த மாதிரி எழுந்துகொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அவளோடு இரண்டு பேர் வந்தார்கள். மாஹிமில் தோல்பை தைக்கிற பட்டறை வைத்திருக்கும் ரஃபீக், தென்காசிப் பக்கத்துக் குடும்பம். இன்னொருத்தி சௌம்யா, பக்கத்துத் தெரு, கல்லூரியில் கணக்கியல் சொல்லித்தருகிறாள். நான் மேஜைக்குச் சொந்தக்காரன் என்ற முறையில் எனக்கும் ஓர் ஆளைக் கொடுத்தார்கள். நான் ஒரு நில அளவையாளனைத் தேர்ந்தெடுத்தேன். கையில் அளவுச் சங்கிலி, முதுகில் அளவுக் கொம்பு. கதைக்குள்ளும் எண்ணிக்கொண்டிருக்கலாம் அல்லவா?

கதை இது. ஒரு ஊரில் யாருக்கும் தூக்கம் வருவதில்லை, ஏனென்றால் அந்த ஊர்க் கோபுரத்து மணி காணாமல் போய்விட்டது. மணி இருப்பது பேர் உதிரும் நாட்டில். அந்த நாட்டுக்குள் காலை வைத்தால் முதலில் பொருள்களின் பேர் மறக்கும், பிறகு மனிதர்களின் பேர், கடைசியில் தன் பேர். புத்தி கலங்கிவிடும். போய் மணியை எடுத்துக்கொண்டு, முழுதாகத் திரும்ப வேண்டும்.

விதிப்புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தது. நான் முதல் வாரமே கேட்டு வாங்கி முழுக்கப் படித்தேன். அதில் புத்திக்கு ஒரு மதிப்பெண் உண்டு. விசித்திரமானது எதைப் பார்த்தாலும் பகடை உருட்டிக் கழித்துக்கொண்டே வர வேண்டும். பூஜ்யத்துக்கு வந்தால் அந்த ஆள் உங்களுடையவன் இல்லை. அவன் பேர் எழுதிய தாளைக் கதை நடத்துகிறவரிடம் ஒப்படைத்துவிட வேண்டும். எனக்கு அது பிடித்திருந்தது. சுத்தமான விதி. எங்கே நிற்கிறோம் என்று தெரியும்.

அவள் அந்தப் பக்கத்தைப் பென்சிலால் குறுக்கே அடித்து வைத்திருந்தாள்.

"இதை ஏம்மா அடிச்சே?"

"புத்தி கலங்கினா அந்த ஆளு நம்ம ஆளு இல்லேன்னு ஆயிருமா சார்? தாளைக் குடுத்துட்டு வேற தாள் எடுத்துக்கிடுததா? எனக்குப் பிடிக்கலை."

"விதின்னா விதிதானே?"

"என் மேஜைல இல்ல சார்."

என் மேஜை. அவள் சொன்னது என் மேஜையை.

மதிப்பெண்ணுக்குப் பதிலாக அவள் வைத்தது காவல். ஒவ்வொரு விசித்திர நாட்டின் எல்லையிலும் ஒரு காவல் தெய்வம் நிற்கும். அதனிடம் உத்தரவு வாங்கித்தான் உள்ளே போக வேண்டும். மனிதர்கள் செய்வதற்கெல்லாம் பகடை உண்டு. "காவக்காரருக்கு டைஸ் கிடையாது" என்று சொல்லிவிட்டாள். அவர் விட்டால் விடுவார், விடாவிட்டால் இல்லை. உருட்டிப் பார்த்து அவர் மனசை மாற்ற முடியாது.

"அப்போ காவலை யார் ஆடறது? நீயா?" என்று சௌம்யா கேட்டாள்.

அவள் நிலைப்படியைக் காட்டினாள். "அங்கதான் நிக்காங்களே."

ரஃபீக் திரும்பிப் பார்த்தான். நானும் பார்த்தேன். சேது ஒரு கையை ஒரு பக்க நிலையிலும் மற்றொரு கையை அடுத்த பக்கத்திலும் வைத்து, நாற்பத்தெட்டு வருஷமாக எப்படி நிற்கிறானோ அப்படியே நின்றுகொண்டிருந்தான்.

"சின்ன சார், நீங்க காவல் நிக்கீங்களா?"

இந்த முறை அதிகம் காக்க வேண்டியிருக்கவில்லை. "நிக்கறேனே" என்றான்.

அந்த வாரத்திலிருந்து என் தொல்லை ஆரம்பமானது.

ரஃபீக் முதலில் போனான். அவனுடைய ஆள் ஒரு திருடன். நிலைப்படிக்கு முன்னால் போய் நின்று, "காவக்காரரே, சுருட்டு ஒண்ணு கொண்டாந்திருக்கேன், பத்த வைக்கவா?" என்றான். நிஜச் சுருட்டு இல்லை, சும்மா விரலை நீட்டினான். சேது அந்த விரலை வெகுநேரம் பார்த்துவிட்டு, "போ" என்றான். சௌம்யா ஒன்றும் கொண்டு போகவில்லை. "எனக்குப் பயமா இருக்கு, ஆனா போகணும்" என்றாள். அதற்கும் "போ."

என் முறை வந்தது. ஒரு தெய்வத்துக்கு என்ன கொடுப்பது என்று எனக்குத் தெரியாதா? "பகவானே, தயிர்சாதம் நைவேத்தியம் கொண்டுவந்திருக்கேன்" என்றேன்.

ரஃபீக் மேஜையில் குப்புற விழுந்து சிரித்தான். "அங்கிள், எல்லைல நிக்கிறவருக்குத் தயிர்சாதமா? சாப்ட்டா அவருக்குத் தூக்கம் வந்துரும். காவல் யாரு பாக்குறது?"

"நைவேத்தியம்னா அதானேடா?"

"அது உள்ள உக்காந்திருக்கிற சாமிக்கு. இவரு வெளிய நிக்கிறவரு. எங்க மாமிக்குத் தெரிஞ்சது உங்களுக்குத் தெரியலையே, கமால் ஹை!"

சேது சிரிக்கவில்லை. "அண்ணா போகப்படாது" என்றான்.

அடுத்த ஞாயிறு சக்கரைப்பொங்கல் சொல்லிப் பார்த்தேன். அதற்கடுத்து நிலத்தை அளக்க அரசாங்க உத்தரவு இருக்கிறது என்று சொன்னேன். பிறகு என் கொம்பால் ஒரு தரம், என் சங்கிலியால் ஒரு தரம். பதினொரு ஞாயிற்றுக்கிழமை. பதினொன்றிலும் "அண்ணா போகப்படாது." உள்ளே ரஃபீக்கும் சௌம்யாவும் கண்ணாடிக் காடுகளைத் தாண்டி, படிகள் கீழ்நோக்கி மட்டுமே போகும் கோட்டையில் ஏறுவதற்கு வழி தேடிக்கொண்டிருந்தார்கள். என் ஆள் எல்லைக்கு வெளியே சங்கிலியைச் சுருட்டிக்கொண்டு நின்றான். மேஜை என்னுடையது, காப்பி என்னுடையது, டிகாக்‌ஷன் போட்டவன் நான். கதைக்குள்ளே போக எனக்கு மட்டும் வழியில்லை.

ஒரு தரம் பொறுமை போய், "சேது, விளையாடாதே, வழி விடுடா" என்று நிஜக் குரலிலேயே அதட்டினேன்.

"பெரியசார்" என்றாள் அவள், "அது உங்க தம்பி இல்ல. காவக்காரரு."

"என் தம்பி யார்னு எனக்கு நீ சொல்ல வேண்டாம்."

"சரி சார். அப்போ நீங்க என்ன செய்யுதீங்க?"

இந்தக் கேள்வியைப் போல எரிச்சல் மூட்டும் கேள்வி உலகத்தில் இல்லை. கேட்டுவிட்டுப் பேசாமல் இருப்பாள். கையில் இருபது முகப் பகடை இருக்கும். அதை மூடிய கையை மேஜைமேல் வைத்திருப்பாள். உருட்டமாட்டாள்.

அவள் பழக்கம் விளையாட்டோடு நின்றிருந்தால் நான் இதை எழுதவே மாட்டேன். எனக்கு வேறொரு நெருக்கடி இருந்தது. எனக்கு எழுபத்து நாலு வயது. நெஞ்சில் ஏற்கெனவே இரண்டு ஸ்டென்ட். எனக்குப் பிறகு சேதுவுக்கு யார் என்பதுதான் என் ஒரே கணக்கு. எத்தனை தரம் கூட்டினாலும் விடை வராத கணக்கு. கோபர்கைரனேயில் இருக்கும் என் தங்கை மகன் பாலு, பன்வேல் பக்கத்தில் ஒரு காப்பகத்தைக் கண்டுபிடித்திருந்தான். மொத்தம் இருபது படுக்கை. இரண்டொரு மாதத்தில் ஒரு படுக்கை காலியாகும், அப்போது உடனே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் அடுத்தவருக்குப் போய்விடும்.

ஒரு ஞாயிறு பாலு வந்தபோது ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. செருப்பைக்கூடக் கழற்றாமல், "மாமா, சின்ன மாமா இப்போ எப்படி? கத்தறாரா? காப்பகத்துல கேக்கறா" என்றான். சேது மூன்றடி தள்ளி நின்றுகொண்டிருந்தான்.

நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். அவள் முந்திக்கொண்டாள். "அவங்கட்டயே கேளுங்களேன்."

பாலு அவளை மேலும் கீழும் பார்த்தான். "இவா யார் மாமா?"

"கீழ் மாடி. விளையாட வந்திருக்கா."

"விளையாடட்டும். குடும்ப விஷயத்துல எதுக்கு மூக்கை நுழைக்கறா?"

அவன் போனபிறகு நான் அவளைத் திட்டினேன். மற்ற இருவரும் கேட்கும்படியே திட்டினேன். "வாரத்துல மூணு மணி நேரம் வந்து டைஸ் உருட்டிட்டுப் போறவ நீ. மத்த நேரமெல்லாம் யார் இருக்கா இவனோட? உனக்கு என்ன தெரியும்?"

"ஒண்ணும் தெரியாது சார்" என்றாள் உடனே. அந்த ஒரு தரம்தான் அவள் காக்காமல் பதில் சொன்னது. "எனக்குத் தெரியாது. அதனாலதான் கேக்கச் சொல்லுதேன்."

அவளுக்கு நிஜமாகவே தெரியாது என்பது அதற்கடுத்த வாரம் நிரூபணமானது. நான் ரத்தப் பரிசோதனைக்குப் போக வேண்டியிருந்தது. இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் தங்கும்படி ஆகிவிட்டது. சேதுவின் மாத்திரைகளை அவளிடம் கொடுத்துவிட்டுப் போனேன். காலையில் மூன்று, சாயங்காலம் இரண்டு. அவள் என்ன செய்தாள் தெரியுமா? "மாத்திரை வேணுமா சார்?" என்று அவனிடமே கேட்டிருக்கிறாள். அவன் வேண்டாம் என்றிருக்கிறான். சரி என்று வைத்துவிட்டாள். இரண்டு நாள். நான் திரும்பி வந்தபோது சேது நிலைப்படியில் இல்லை. குளியலறைக்குள் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டு, என் பேரைச் சொல்லிச் சொல்லி அழுதுகொண்டிருந்தான். அவள் கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்திருந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"கேக்கறதுக்கும் ஒரு அளவு இல்லையா?" என்றேன். இன்னும் நிறையச் சொன்னேன். அவள் போய்த் தாழ்ப்பாளைப் பெயர்க்க ஆசாரியைக் கூட்டி வந்தாள். சேது சரியாக ஒரு வாரம் ஆயிற்று. அந்த ஞாயிறு ஆட்டம் இல்லை.

இத்தோடு ஒழிந்தாள் என்றுதான் நினைத்தேன். அதற்கடுத்த ஞாயிறு வந்து வாசலில் நின்றாள். உள்ளே கூப்பிடுவதற்கு முன்னால் அவள் பேசினது என்னிடம் இல்லை. "சின்ன சார், தப்பு பண்ணிட்டேன். நான் உள்ள வரலாமா?" சேது ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டான். பிறகு, "வா" என்றான். சாயங்காலம் மாத்திரை வேளை வந்தபோது அவள் எழுந்து போய், "மாத்திரை தண்ணியோடவா சார், மோரோடவா?" என்று கேட்டாள். "மோர்" என்றான். விழுங்கினான். மோரோடு அவனுக்குப் பிடிக்கும் என்பது எனக்குத் தெரியாது. நான் எப்போதும் தண்ணீர்தான் கொடுப்பேன். இதையும் ஒரு குறையாகத்தான் அவள் கணக்கில் எழுதினேன். இப்போது தினம் இரண்டு வேளை மோர் கடைய வேண்டியிருக்கிறது.

மழைக்காலம் ஆரம்பித்தபோது அவள் ஆபீஸைப் புனேவுக்கு மாற்றினார்கள். கடைசி ஞாயிறு. ரஃபீக்கும் சௌம்யாவும் மணியைக் கண்டுபிடித்துவிட்டார்கள். ஆனால் மணி கனமானது. மூன்று பேர் தூக்கினால்தான் எல்லையைத் தாண்டும். ரஃபீக்குக்குத் தன் பேர் போய்விட்டது. சௌம்யாவுக்கு அவன் பேரும் போய்விட்டது. என் ஆள் உள்ளே போனால்தான் ஊர் தூங்கும். இந்த முறை சேது விட்டே ஆக வேண்டும்.

நான் நிலைப்படிக்கு முன்னால் போனேன். கையில் ஒன்றும் இல்லை, வாயிலும் ஒன்றும் இல்லை. பதினொரு ஞாயிற்றில் எல்லாம் தீர்ந்துவிட்டது. "சேது, நான் போகணும்டா. அவா ரெண்டு பேரும் உள்ளே மாட்டிண்டிருக்கா" என்றேன்.

"அண்ணா போகப்படாது."

அவள் என் பின்னால் இருந்து கேட்டாள். "ஏன் காவக்காரரே?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இத்தனை வாரத்தில் நான் அவனிடம் ஏன் என்று கேட்கவில்லை. விடு, விடு என்றுதான் கேட்டிருந்தேன். அவள்கூட அன்றுவரை கேட்டதில்லை.

மழை ஜன்னல் தகரத்தில் அடித்துக்கொண்டிருந்தது. ரஃபீக் பகடையை உருட்டாமல் கையில் வைத்துக்கொண்டிருந்தான். நான் திரும்பி, போதும் விடு, அவன் சொல்லமாட்டான் என்று சொல்லப் போனேன். அவள் உதட்டில் விரலை வைத்தாள்.

சேது சொன்னான். "அங்கே போனா பேரெல்லாம் உதிர்ந்துடும். நான் போயிருக்கேன். அண்ணாவுக்குத் தாங்காது. அவன் எண்ணிண்டே இருப்பான். அங்கே எண்ண முடியாது." கொஞ்ச நேரம் கழித்து, "நான் வெளியில வரச்சே அவன் வாசல்ல நின்னுண்டிருந்தான். யாராவது ஒருத்தர் வெளியில நிக்கணும்" என்றான்.

நாற்பத்தெட்டு வருஷத்தில் அவன் இத்தனை வாக்கியம் சேர்த்துப் பேசி நான் கேட்டதில்லை. எத்தனை என்று எண்ணவும் எனக்குத் தோன்றவில்லை.

"பெரியசார்" என்றாள் அவள். "நீங்க என்ன செய்யுதீங்க?"

"நிக்கறேன்" என்றேன். "எல்லைக்கு இந்தப் பக்கமே நின்னு அவா ரெண்டு பேரையும் பேர் சொல்லிக் கூப்பிடறேன்."

பகடை உருட்டச் சொன்னாள். பதினேழு விழுந்தது. தன் பேரைக் கேட்டதும் ரஃபீக்குக்குப் பேர் திரும்பியது, சௌம்யாவுக்கும். இரண்டு பேராக மணியை எல்லைவரை இழுத்து வந்தார்கள். மூன்றாவது கை காவக்காரருடையது. சேது நிஜமாகவே கையை நீட்டி இல்லாத மணியைப் பிடித்தான். "மணி வந்துட்டு. ஊரு தூங்கிட்டு" என்று அவள் கதையை முடித்தாள். மறுநாள் காலை டாக்ஸியில் இரண்டு பெட்டியோடு போய்விட்டாள். போகும்போதும் என்னிடம் புத்திமதி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மறுத்துப் பேசவாவது ஒன்று கிடைத்திருக்கும்.

அந்த மாதமே காப்பகத்திலிருந்து போன் வந்தது. மதியம் சாப்பிட்டு எழுந்த நேரம். மேலாளர் தமிழ்க்காரர், மரியாதையானவர். படுக்கை காலியாகிவிட்டது, இன்றே சொல்ல வேண்டும் என்றார். "பேஷன்ட் சாதுவா இருப்பாரா சார்? தானே சாப்பிடுவாரா? இங்க வர ஒத்துப்பாரா?"

எனக்கு எல்லாவற்றுக்கும் பதில் தெரியும். சாது, ஆமாம், ஒத்துக்கொள்ளச் செய்துவிடுவேன். சொல்ல வாயைத் திறந்தேன். எனக்கு என்ன கோபம் வந்ததென்று தெரியவில்லை, யார்மேல் என்றும் தெரியவில்லை. "அவன்கிட்டயே கேளுங்கோ" என்று போனை ஸ்பீக்கரில் போட்டு நிலைப்படிக்கு நேராக நீட்டினேன்.

மேலாளர் ஒரு கணம் தடுமாறிவிட்டு, "வணக்கம் சார். எங்க இடத்துக்கு வந்து இருக்கீங்களா? தோட்டமெல்லாம் இருக்கு" என்றார்.

மேலாளர் "ஹலோ? ஹலோ?" என்றார். நான் போனைப் பார்த்து உதட்டில் விரலை வைத்தேன். போனுக்கு அது எப்படித் தெரியும்?

"அங்கே வாசல்ல யார் நிக்கறா?" என்றான் சேது.

"செக்யூரிட்டி இருக்கு சார். நாள் பூரா ஆள் இருக்கும். பயமே இல்லை."

சேது யோசித்தான். தலையை ஆட்டினான். "அப்போ அங்கே ஆள் இருக்கு" என்றான். போனை மெதுவாக என் பக்கம் தள்ளினான். "இங்கேதான் இல்லை."

படுக்கை வேறு யாருக்கோ போய்விட்டது. பாலு என்னோடு பேசி எட்டு மாதம் ஆகிறது. என் கணக்கு தீரவில்லை. எனக்கு எழுபத்தைந்து ஆகிவிட்டது, சேதுவுக்கு எழுபது. எனக்குப் பிறகு யார் என்ற இடத்தில் இன்னும் கோடுதான் இருக்கிறது. ஆத்திரத்தில் அவளுக்கு ஒரு மெசேஜ் அனுப்பினேன். உன்னால்தான் எல்லாம், இனி நான் என்ன செய்வது என்று கேட்டிருந்தேன். மறுநாள் பதில் வந்தது. "சின்ன சார் என்ன சொன்னாங்க?"

நான் பதில் அனுப்பவில்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கையில் தாகம் எடுத்து எழுந்தேன். தண்ணீர்ப் பானை சமையலறையில். சேது நிலைப்படியில் இரண்டு கையையும் வைத்து நிற்கிறான்.

"சேது, நகரு."

"அண்ணா, நீ என்ன பண்றே?"

"தண்ணி குடிக்கப் போறேன்டா. வேறென்ன?"

அவன் யோசிக்கிறான். பக்கத்தில் பகடை ஒன்றும் இல்லை, இருந்தாலும் பயனில்லை. நான் நிற்கிறேன்.